ஒத்தைக் கம்மல்

களமருதூர்
8-6-2025

மலருக்கு,

'அன்புள்ள' என்று எழுத வரவில்லை, எழுதவில்லை.

போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பது நான்தான். எடுத்தால் நீ பேசிக்கொண்டே போவாய், நான் அழுதுகொண்டே கேட்பேன், கடைசியில் நீ சொன்னதுதான் நியாயம் என்று ஆகிவிடும். கடுதாசி என்றால் நடுவில் புகுந்து வெட்ட முடியாது பார். சிக்னல் வேண்டுமானால் உன் மலையில் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும் என்பாயே, ஏறாதே. கீழேயே உட்கார்ந்து இதைப் படி.

காது குத்து முடிந்து ரெண்டு வாரம் ஆகிறது. முடிந்து என்று எழுதிவிட்டேன், எங்கே முடிந்தது? கொரோனாவில் ஒரு தடவை, என் மாமனார் தவறியதில் ஒரு தடவை என்று தள்ளிப்போய் எட்டு வயசில் வைத்த காது குத்து. என் மகள் இலக்கியாவுக்கு இடது காதில் கம்மல் இருக்கிறது, வலது காது மொட்டையாக இருக்கிறது. அந்தக் கோலத்தோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள். தெருப் பசங்கள் "ஒத்தக் கம்மல், ஒத்தக் கம்மல்" என்று பின்னாலேயே ஓடுகிறார்கள். என் மாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறார்.

நமக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. பெரியப்பா மகன் சுபாஷ் அண்ணன்தான் தாய்மாமன் இடத்தில் நின்றார். தட்டு வரிசை, பட்டுப்பாவாடை, கம்மல் எல்லாம் அவர் கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டுவதும் அவருடைய நெல் அறுப்பு மெஷின்தான். அந்த மனுசன் மடியில் உட்கார வைத்து, கோயில் வாசலில், இத்தனை சனத்துக்கு நடுவில் ஒரு காது குத்தி முடித்ததும் உன் செல்லப் பெண் என்ன செய்தது? கையை நீட்டி "வேணாம், வேணாம்" என்று கத்தியது. எழுந்து ஓடி, பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த உன் முந்தானைக்குள் போய் ஒளிந்தது. நீயே கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்து விட்டாய், அதுவரைக்கும் சரி. மறுபடியும் மடியில் உட்கார வைத்ததும் அவர் கையைக் கடித்தது பார், ரத்தம் வரக் கடித்தது. அறைந்தேன். எந்தத் தாயாக இருந்தாலும் அறைவாள்.

அதற்கு நீ என் மாமியார் முன்னாடி "பச்சப் புள்ளய அடிக்கிற, நீயெல்லாம் ஒரு தாயாடி?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாய் சோறு தின்னாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாய்.

யாரடி இதற்கெல்லாம் காரணம்? மே மாச லீவில் வந்து தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வைத்து ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தாயே. பிடிக்காததை யார் செய்தாலும் கையை நீட்டி 'வேணாம்' சொல்லு, கேட்கவில்லையா கத்து, அப்புறம் ஓடு, நம்புகிற பெரியவங்களிடம் சொல்லு. ஊசிக்குப் பயந்த கழுதை அந்த விளையாட்டைக் கோயில் வாசலில் ஆடிக் காட்டிவிட்டது.

ஆவணியில் நாள் பார்த்தாயிற்று. அதே கோயில், அதே சுபாஷ் அண்ணன் மடி. நீ வர வேண்டும். நீ கற்றுக்கொடுத்ததை நீயே வாயால் திருப்பிச் சொல்லி, அவளை மாமா காலில் விழ வைக்க வேண்டும். அதற்குப் பிறகு 'அன்புள்ள' எழுதலாமா என்று பார்க்கிறேன்.

தேவிப்ரியா


கல்வராயன் மலை
19-6-2025

அன்புள்ள அக்கா,

எனக்கு எழுத வருகிறது. அதனால் எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைத் தபால்காரர் ஐந்து கடிதம் சேரட்டும் என்று வெள்ளிமலை தபாலாபீஸிலேயே வைத்திருந்து இன்றைக்குத்தான் கொடுத்தார். உன்னைத் தாயா என்று கேட்டது தப்பு. காலில் விழச் சொன்னால் உன் காலில் விழுகிறேன். சாம்பார் வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்ததும் தப்புதான். பசியோடு பஸ்ஸில் உட்கார்ந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் அந்தச் சாம்பார் வாசனைதான் மூக்கில்.

ஆனால் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல மாட்டேன். நம்மையெல்லாம் எப்படி வளர்த்தார்கள்? பெரியவங்க பேச்சுக்கு மறுபேச்சு பேசாதே, மடியில் கூப்பிட்டால் போய் உட்காரு, கன்னத்தைக் கிள்ளினால் சிரி. பிள்ளை வாய் திறந்து ஒன்று வேண்டாம் என்று சொன்னால் அது கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமா? இங்கே விடுதியில் என்னிடம் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தலைவலி என்று சொல்லவே ஒரு வருசம் ஆகிறது. அவர்களைப் பேச வைக்க நான் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துகிறேன். இலக்கியா ஒரே லீவில் கற்றுக்கொண்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, திட்டினால் திட்டிக்கொள்.

கடித்தது தப்புதான். அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளுக்கு ஊசிதான் பயம் என்றால் கோயில், மேளம், கூட்டம் எதற்கு? கள்ளக்குறிச்சியில் டாக்டரிடமே குத்திவிடலாம், மரத்துப்போக மருந்து தடவுவார்கள், வலிக்காது. உன் மாமியாரிடம் நான் பேசட்டுமா? நான் பேசினால் இன்னும் கெட்டுப்போகும் என்பாய். சரி.

இலக்கியா எப்படி இருக்கிறாள்? அதை மட்டும் நீ எழுதவே இல்லை.

மலர்விழி


களமருதூர்
2-7-2025

மலருக்கு,

டீச்சரம்மாவுக்குப் பெருமையாம். வைத்துக்கொள், பெருமையைக் காய்ச்சிக் குடி.

எப்படி இருக்கிறாள் என்று கேட்டாயே, சொல்கிறேன், சந்தோசப்படு. ராத்திரியில் பாயை நனைக்கிறாள், நாலு வயசில் விட்ட பழக்கம். சாயங்காலம் டியூசனுக்குச் சுபாஷ் அண்ணன்தான் பைக்கில் கூட்டிப்போய் விடுவார், இப்போது அவர் வண்டி என்றால் "வவுறு வலிக்குது" என்கிறாள். ஏண்டி என்று கேட்டால் "மாமா சட்ட நாறுது" என்கிறாள். வயல்காட்டில் உழைக்கிற மனுசன் சட்டை மல்லிகைப்பூவா மணக்கும்? திமிரு. எல்லாம் நீ வாய் திறந்துவிட்ட திமிரு.

அந்த மனுசனோ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கையில் அவள் கடித்த தழும்போடு உளுந்தூர்பேட்டையிலிருந்து பரோட்டா வாங்கிக்கொண்டு வருகிறார். "கொழந்த தான வுடு தேவி, நானே பேசிப் பேசி சரி பண்ணிடறேன், ஆவணிக்குள்ள பழகிடுவா" என்கிறார். அடுத்த வாரத்திலிருந்து காலையில் பள்ளிக்கூடத்துக்கும் தானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் தையல் கடைக்கு நேரத்துக்குப் போக வசதி. சொந்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இனிமேல் நீ எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்க மாட்டேன்.

தேவிப்ரியா


கல்வராயன் மலை
9-7-2025, புதன்

அக்கா,

பிரிக்க மாட்டேன் என்றாய். பிரி. தபாலில் போட்டால் எப்போது வருமோ என்று இதைப் பஸ் கண்டக்டர் சின்னராசு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கள்ளக்குறிச்சியில் உளுந்தூர்பேட்டை பஸ்காரர் யாரிடமாவது சொல்லி, உன் தையல் கடையில் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கடைக்குள் நிற்காதே. பின்னால் போய் உட்கார்ந்து படி.

நேற்று ஐந்தாம் வகுப்பில் அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டு, கத்து, ஓடு, சொல்லு. வகுப்பே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. எனக்கு ஒரே பூரிப்பு. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் கத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்கண்ணன் கெணத்துல வுழுந்து கத்தனான் டீச்சர். மேல இருந்தவங்கள்லாம் வெளயாட்றான்னு நெனச்சிக்கினாங்க. கத்தனா வெளயாட்டுன்னு நெனச்சிக்கினா இன்னா டீச்சர் பண்றது?" என்றாள். ஆடு மேய்க்க வந்தவர் எட்டிப் பார்த்ததால் அந்தப் பையன் பிழைத்தானாம்.

ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான். விடிந்ததும் பாறைமேல் ஏறி, காது குத்து அன்று உன் வீட்டுக்காரர் கலை மாமா எனக்கு அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். முதலில் மேளமும் சிரிப்பும் அழுகையுமாக எல்லாக் காது குத்தும் போலத்தான் இருந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளை கத்தாவிட்டால்தான் நமக்கு அதிசயம். கத்தக் கத்தச் சிரிக்கிறோம், மேளக்காரரும் வேகமாக அடிக்கிறார். அதனால் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

அக்கா, ஊசிக்குப் பயந்த பிள்ளை என்ன செய்யும்? காதைப் பொத்தும். ஒரு காது குத்தி வலித்த பிள்ளை இன்னொரு காதைப் பொத்தாமல் இருக்குமா? இலக்கியா காதைப் பொத்தவே இல்லை. ஆசாரி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் பாவாடையை இழுத்துப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கையால் இடுப்பைச் சுற்றியிருக்கிற சுபாஷ் அண்ணன் கையைத் தள்ளுகிறாள். தள்ளித் தள்ளி முடியாமல்தான் 'வேணாம்' என்கிறாள். அப்புறம் கத்தினாள். அப்புறம் ஓடினாள். நம்புகிற பெரியவங்களைத் தேடி என்னிடம் வந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் வரிசையாகச் செய்தாள் அக்கா, நான்தான் "ஊசி எறும்பு கடிக்கிற மாதிரிதான்டா இருக்கும்" என்று கொஞ்சிக் கையைப் பிடித்துத் திரும்ப அந்த மடிக்கே கொண்டுபோய் விட்டேன்.

நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும். பொய்யாகப் போனால் சுபாஷ் அண்ணன் காலில் நான் விழுகிறேன். ஆனால் நாளைக்கு அவர் வண்டியில் அனுப்பாதே. சட்டை நாறுது, வயிறு வலிக்குது என்று அவள் உனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அதட்டாமல், அழாமல், கேள். என்ன சொன்னாலும் "ச்சீ, அப்டியெல்லாம் இருக்காது" என்று மட்டும் சொல்லிவிடாதே.

விடுதியில் மாற்று ஆள் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வருகிறார். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

மலர்


களமருதூர்
10-7-2025

மலரு,

கடுதாசி நேற்று சாயங்காலம் வந்தது. முதலில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பட்டன் வைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைத் தூக்கி எறிந்தேன். கடைக்கார அக்கா என்ன தேவி என்று கேட்டதற்குத் தலைவலி என்றேன். உன் விடுதிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவே ஒரு வருசம் ஆகிறது என்றாயே, எனக்கு அதைத் தவிர வேறெதுவும் சொல்ல வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்தேன். பரிக்கல் தாண்டுகிறதுக்குள் நாலு தடவை பார்த்துவிட்டேன், நீ எழுதினது எழுதினபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போனேன், யார் காதிலும் விழாமல் பேசலாம் என்று. அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். அங்கேயே தெரிந்துபோனது எனக்கு. வாய்க்கால் கரையில் உட்கார்ந்தோம். எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை மலரு. பத்து மாசம் சுமந்தேன், ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. "மாமா வண்டியில போவ புடிக்கலியா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்.

அந்தக் கொட்டகையில்தான் அவன் மெஷின் நிறுத்துவான். டியூசனுக்குப் போகிற வழியில் வண்டியை அங்கே நிறுத்துவானாம். மடியில் உட்கார வைப்பானாம். கை போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை. "யார்னா கிட்ட சொன்ன, உங்கப்பன வேலய வுட்டு நிறுத்திடுவேன்" என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பிஞ்சு இத்தனை நாள் அவள் அப்பன் வேலையைத் தூக்கிச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது.

"ஏண்டி கண்ணு அம்மா கிட்ட சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதற்கு அவள் சொன்னாள்: "கோயில்ல கத்தனேனே ம்மா. நீங்கல்லாம் சிரிச்சிங்க."

அறைந்த கை இது. இதை என்ன செய்யட்டும், சொல்லு.

இன்று காலை அவன் பைக் வாசலில் வந்து ஆரன் அடித்தது. நான் வெளியே போய் நின்று "இனிமே வராத" என்றேன். "இன்னா தேவி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான் சிரித்துக்கொண்டே. துடைப்பத்தை எடுத்தேன். போய்விட்டான். என் மாமியார் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்.

என் வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. தியாகதுருகம் பக்கம் அறுப்பில் இருக்கிறார். எப்படிச் சொல்வது? இதையும் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன், சீக்கிரம் வா. கதவு திறந்துதான் இருக்கும்.

அக்கா


கல்வராயன் மலை
20-7-2025

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பிள்ளைகள் பிடுங்கித் தின்றுவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் நீ நிமிர்ந்து நின்றதை நினைத்துக்கொண்டே வந்தேன். பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் 1098-க்குப் பேசு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான், அன்றைக்கு அந்த நம்பரை அழுத்த விரல் வரவில்லை, நீதான் பிடுங்கி அழுத்தினாய். அந்தப் பெண் போலீஸ் சாதாரணச் சுடிதாரில் வந்து, நம் வீட்டுத் தரையில் இலக்கியா பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அவள் பூனைக்குட்டியைப் பற்றிக் கேட்டதே, அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம்.

கையை என்ன செய்யட்டும் என்று கேட்டாய். நேரில் உன் முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அதே கையை வைத்துக்கொள் அக்கா. அவள் தூங்கும்போது அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு தூங்கினாள், நான் பார்த்தேன். என் கையும் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்ட கைதான். நாம் இரண்டு பேரும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

தப்பு அவள்மேல் இல்லை என்று தினம் ஒரு தடவையாவது சொல்லு. அவளாகக் கேட்காவிட்டாலும் சொல்லு. கலை மாமா என்ன சொன்னார்? நான் கிளம்புகிறவரை அவர் வாயே திறக்கவில்லையே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

மலர்


களமருதூர்
15-8-2025

அன்புள்ள மலருக்கு,

பார், எழுதிவிட்டேன்.

அவரைப் பற்றிக் கேட்டாயே. நீ போன மறுநாள் விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போனார். வெட்டுக்குத்து ஆகிவிடப்போகிறது என்று வாசலிலேயே நின்றேன். மனுசன் நேராக அறுப்பு நடந்த வயலுக்குப் போயிருக்கிறார். பாதி வயல் அறுத்தபடி நின்ற மெஷினில் ஏறி, அதைக் கரைக்கு ஓட்டி வந்து நிறுத்தி, சாவியை வயல்காரர் கையில் கொடுத்து, "இத அந்த நாயிகிட்ட குடுத்துடுங்க, என் கையால குடுத்தா கொல விழும்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். இப்போது உளுந்தூர்பேட்டையில் லாரிக்குப் போகிறார். அந்த வாரமே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, சுபாஷ் ஜெயிலில் இருக்கிறான்.

அவனைப் பெற்ற பெரியப்பா ராமசாமி வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் மனசு இளகித்தான் போனது, நமக்கு அப்பா இல்லாத குறை தெரியாமல் பார்த்தவர் இல்லையா. தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "தப்பு தாம்மா. ஆனா நாலு செவுத்துக்குள்ள முடிச்சிருக்கலாம். நாளைக்கு இந்தப் பொண்ணப் பத்தி ஊரு இன்னா பேசும்?" என்றார். நான் சொன்னேன்: "நாலு செவுத்துக்குள்ளதான் பெரிப்பா அவன் எல்லாத்தியும் பண்ணான்." எழுந்து போய்விட்டார். காபி அப்படியே ஆறிப்போனது. அவர் போன பிறகு உட்கார்ந்து அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

ஊர் பேசாமல் இருக்கிறதா? குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். கடைக்கு அளவு கொடுக்க வருகிறதுகள், டேப் பிடிக்கும்போது காதோடு "தேவி, எம் பொண்ணும் அவுங்க சித்தப்பா வூட்டுக்குப் போவமாட்டேங்குது, இன்னான்னு கேக்கறது?" என்று கேட்கிறதுகள். வாய்க்கால் கரையில் நான் எப்படிக் கேட்டேனோ அதைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் சாப்பிடும்போது இலக்கியா "என்னாலதானப்பா உன் வேல போச்சி?" என்று கேட்டுவிட்டாள். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அந்த மெஷின் சத்தத்துல அப்பனுக்குக் காதே கேக்காம பூடுச்சி கண்ணு. லாரி பரவால்ல, நீ பேசறது கேக்குது" என்றார். அவள் சிரித்தாள் மலரு. எத்தனை நாளைக்கப்புறம்!

பாய் நனைகிறது கம்மியாகியிருக்கிறது. ஒத்தைக் கம்மல் அப்படியேதான் இருக்கிறது. கழற்றிவிடலாமா என்று கேட்டால் "வேணாம், அது வலிச்சி குத்தனது" என்கிறாள். மறு காதை என்ன செய்வது? என் மாமியார் வேறு ஒரு தாய்மாமனைப் பிடி, உன் அப்பா வழிப் பங்காளி வீட்டில் தமிழ்வேந்தன் இருக்கிறான், அவன் மடியில் வை, மாமன் மடி இல்லாமல் குத்தினால் காது குத்தே இல்லை என்கிறார். அவர் அழுவதைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

அக்கா


கல்வராயன் மலை
24-8-2025

அன்புள்ள அக்கா,

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கேள். யார் மடி என்று நீயும் நானும் உன் மாமியாரும் முடிவு செய்தால் மறுபடியும் அதே கதைதான்.

இங்கே நான் பாடத்தை மாற்றிவிட்டேன். கையை நீட்டு, கத்து, ஓடு என்பது பிள்ளைகளுக்கு. பாதிப் பாடம் அது. மீதிப் பாடம் பெரியவங்களுக்கு. வாரம் ஒரு நாள் சமையல்கார சாலம்மாள் அக்கா, வாட்ச்மேன், மற்ற வாத்தியார்கள், சந்தைக்கு வருகிற அப்பா அம்மாக்கள் எல்லாரையும் உட்கார வைக்கிறேன். ஒரு பிள்ளை வந்து "எனக்கு அங்க போவப் புடிக்கல" என்று சொல்லும். பெரியவங்க "ஏன், இன்னா ஆச்சி?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. சிரிக்கக் கூடாது, அதட்டக் கூடாது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அவுட். அக்கா, முதல் வாரம் எல்லாரும் அவுட்! ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை அவுட். சாலம்மாள் அக்கா எந்தப் பிள்ளை என்ன சொன்னாலும் "சோறு துன்னியா?" என்றுதான் கேட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் போன வாரம் அந்தக் கடைசி வரிசைப் பெண் என்னிடம் வந்து, விளையாட்டில் இல்லாத நேரத்தில், தானாக ஒன்று சொன்னாள். பெரிய விசயம் இல்லை, ஒரு பையன் தினமும் அவள் பென்சிலைப் பிடுங்கிக்கொள்கிறான். "இன்னா ஆச்சி, சொல்லு" என்று உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். பென்சிலில்தான் ஆரம்பிப்பார்கள் என்று இப்போது தெரிகிறது.

நாள் குறித்தால் எழுது. உருண்டு புரண்டாவது வந்துவிடுகிறேன்.

மலர்


களமருதூர்
5-9-2025

அன்புள்ள மலருக்கு,

மழையில் உன் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று சின்னராசு அண்ணன் போனில் சொன்னார். வருத்தப்படாதே. நீ பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி எழுதுகிறேன்.

நேற்று காலை நம் வீட்டிலேயே வைத்தோம். கோயில் வேண்டாம், மேளம் வேண்டாம். நாங்கள் மூன்று பேர், என் மாமியார், ஆசாரி, பூனைக்குட்டி.

யார் மடி என்று அவளைக் கேட்டேன். ரெண்டு நாள் யோசித்தாள். அப்பா மடியா என்றேன், இல்லை என்றாள். அம்மா மடியா என்றேன். அதற்கும் இல்லை என்றுவிட்டாள். வலித்தது மலரு, பொய் சொல்லவில்லை. ஆனால் ஏன் என்று அதட்டவில்லை. "நான் ஒண்டியாதான் ஒக்காருவேன். உன் மிஷின் முக்காலி மேல" என்றாள். தையல் மிஷினுக்குப் போட்டிருக்கிற முக்காலி. அதைத் துடைத்து, மஞ்சள் வைத்து, கூடத்தில் போட்டேன். என் மாமியார் "முக்காலிக்கா சீரு வெக்கறது?" என்று முணுமுணுத்தார். அப்புறம் தானே உள்ளே போய்த் தன் புதுப்புடவையை எடுத்து வந்து நாலாக மடித்து முக்காலிமேல் போட்டார். "கட்ட ஒறுத்தும், இதும்மேல ஒக்காரு" என்றார். அந்தக் கிழவியை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

உட்கார்ந்தாள். பட்டுப்பாவாடை வேண்டாம் என்று பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஆசாரி வலது காதில் மையால் புள்ளி வைத்தார். கம்பியை எடுத்துப் பக்கத்தில் கொண்டுபோனார்.

மலரு, அவள் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டாள்.

ரெண்டு கையாலும் ரெண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, "ஆசாரி தாத்தா, இருங்க இருங்க, ஊசி வலிக்கும்" என்றாள். எல்லாப் பிள்ளையும் சொல்வதுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். ஊசிக்குத்தான் பயம் மலரு. வெறும் ஊசிக்கு. அவள் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்ல நேரம் போவுது, கையப் புடிங்க" என்றார் என் மாமியார், பழக்கதோசம். நான் "இருங்கத்த, அவளே சொல்லட்டும்" என்றேன். ஆசாரி கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

எத்தனை நேரம் என்று தெரியவில்லை. கொல்லையில் பக்கத்து வீட்டு மாடு கத்தியது. அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், நாங்கள் எல்லாரும் சும்மா நிற்பதைப் பார்த்தாள். மறு கண்ணையும் திறந்தாள். எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணி குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். வலது காதிலிருந்த முடியை அவளே ஒதுக்கினாள்.

"ம். இப்ப குத்துங்க" என்றாள்.

தேவி